விதி போனது, வழி திறந்ததா?



சீனாவின் சீர்திருத்தம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்குகிற பொருளா இது? அந்த நாட்டு ரயில்களைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் பேசலாம். ஆகவே நான் ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். சீனாவில் ஒரு விதி மாறுகிறது என்றால், அதை மாற்ற முதல் அடி எடுத்து வைத்தவர் யார்? வைத்த பிறகு அவர் என்ன ஆனார்? நிலத்தில் முதல் அடி வைத்தவருக்கும், செய்தித்தாளில் முதல் அடி வைத்தவருக்கும், சட்டப் புத்தகத்தைப் பிரித்து முதல் அடி வைத்தவருக்கும் ஒரே மரியாதைதான் கிடைத்ததா?

நிலத்திலிருந்து தொடங்குவோம்.

1978ஆம் ஆண்டுக் குளிர்காலம். அன்ஹுய் மாகாணத்தில் ஃபெங்யாங் மாவட்டம். அதில் சியாவ்காங் என்று ஒரு சிற்றூர். மிங் பேரரசை நிறுவிய மன்னர் பிறந்த மாவட்டம் அது. மன்னர் பிறந்து என்ன பயன்? பஞ்சம் வந்தால் சிறு மேளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு பிச்சைக்குக் கிளம்புகிறவர்களின் சீமை என்றுதான் அதற்குப் பெயர். கம்யூன் வந்தது. எல்லாரும் சேர்ந்து உழுதார்கள். எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். 1959 முதல் 1961 வரை வந்த பெரும் பஞ்சத்தில் அந்த மாவட்டம் இழந்த உயிர்கள் ஏராளம்.

அந்த ஊரில் 18 குடியானவர்கள் ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் கூடினார்கள். பொது நிலத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது, அரசுக்குக் கொடுக்க வேண்டிய தானியத்தைக் கொடுத்துவிடுவது, மிஞ்சியது அவரவருக்கு. இதை ஒரு தாளில் எழுதிக் கைரேகை வைத்தார்கள். கூடவே இன்னொரு வரியும் எழுதினார்கள். இந்தக் காரியத்துக்காக ஊர்த் தலைவர்கள் சிறைக்குப் போனால், அவர்களுடைய பிள்ளைகளை 18 வயது வரைக்கும் மற்றவர்கள் வளர்ப்பது என்று. யோசித்துப் பாருங்கள். வயலைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் பிள்ளை வளர்ப்புக்கு ஏற்பாடு! சட்ட விரோதம் என்பது அவர்களுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் பெய்ஜிங்கில் கட்சியின் மத்தியக் குழு கூடியது. சீர்திருத்தம் பிறந்த கூட்டம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும் கூட்டம். அந்தக் கூட்டம் ஏற்றுக்கொண்ட வேளாண்மை வரைவில் என்ன இருந்தது? நிலத்தைப் பிரித்துத் தனித்தனியாக உழக் கூடாது என்று இருந்தது! சீர்திருத்தக் கூட்டமே தடை போட்ட வேலையைச் சியாவ்காங் செய்துகொண்டிருந்தது. அடுத்த அறுவடையில் களம் நிறைந்தது. மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லீ காவலரை அனுப்பவில்லை. நடக்கட்டும் என்று விட்டார். 1982 ஜனவரியில் வந்த மத்திய ஆவணம் அந்த முறைக்கு முத்திரை குத்தியது. மீறல் முன்னே போனது. விதி பின்னே வந்தது.

சீனப் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பெரும்பகுதி இப்படி நடந்ததுதான். வென்சௌ நகரத்துத் தனியார் பட்டறைகள், குவாங்டாங் மாகாணத்துத் தொழிற்சாலைகள், 2004இல் தனியார் சொத்துக்கு அரசியல் சாசனத்தில் கிடைத்த பாதுகாப்பு, 2021இல் நடைமுறைக்கு வந்த 1,260 பிரிவுகள் கொண்ட சிவில் சட்டத் தொகுப்பு: எதை எடுத்தாலும் முதலில் மக்கள் செய்தார்கள், பிறகு தாள் வந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பசித்தவன் அரசாணைக்குக் காத்திருக்க மாட்டான்.

சரி, நிலம் பங்கிடப்பட்டது. அதனால் என்ன நடந்தது? பத்துப் பேர் செய்த வேலையை நான்கு பேர் செய்யலாம் என்பது தெரிந்தது. மற்ற ஆறு பேர் எங்கே போவது? 1980இல் ஷென்சென், சூஹாய், ஷாந்தோவ், ஷியாமென் ஆகிய நான்கு இடங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைத் திறந்தார்கள். முதல் மூன்றும் குவாங்டாங்கில். சட்டை தைக்க ஆள் வேண்டும், பொம்மை செய்ய ஆள் வேண்டும், கட்டடம் எழுப்ப ஆள் வேண்டும். ஊர்ப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சொந்த ஊரை விட்டு வேலைக்குப் போன கிராமத்தவர் 10 கோடிக்கும் மேல்.

ஆனால் 1958இலிருந்து ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு முறை இருக்கிறது. எந்த ஊரில் உன் பதிவோ அந்த ஊர்தான் உன் ஊர். அங்கேதான் உன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அங்கேதான் உனக்கு மருத்துவம். அப்போது நகரத்துக்குப் போனால் தற்காலிகக் குடியிருப்பு அட்டை வாங்க வேண்டியிருந்தது. வாங்காதவனை என்ன செய்வது? அதற்கு ஒரு விதி இருந்தது. நாடோடிகளையும் பிச்சைக்காரர்களையும் பிடித்து வைத்துச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் விதி. 1982இல் அரசவை பிறப்பித்தது. அரசவை என்று நான் சொல்வது சீனாவின் மத்திய அமைச்சரவையை. தெருவில் கிடப்பவருக்குச் சோறு போட்டு ஊர் சேர்க்க வந்த விதி என்றுதான் சொன்னார்கள். 1991இல் அதன் வாயை அகலப்படுத்தினார்கள். அடையாள அட்டை இல்லாதவர், நிலையான இருப்பிடம் இல்லாதவர், நிலையான வருமானம் இல்லாதவர் எல்லாரும் அதற்குள் வந்தார்கள். நடைமுறையில் யார் அகப்பட்டார்? பையில் அட்டை இல்லாமல் கடைக்குப் போன தொழிலாளி. பிடித்து வைத்த இடத்தில் சாப்பாட்டுக்குக் காசு, வண்டிக்குக் காசு, விடுவிக்க வரும் உறவினரிடம் காசு. இப்படியாக அது ஒரு வருமான வழியாகவும் ஆனது.

இந்த முரணைக் கவனியுங்கள். பொருளாதாரம் அவனை வா என்கிறது. காவல் நிலையம் அவனைப் போ என்கிறது. பகலில் அவன் தைத்த சட்டை அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறது. இரவில் அவன் வீதியில் நடந்தால் குற்றம்!

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். சீனப் பத்திரிகை என்றால் கட்சியின் ஊதுகுழல், வேறென்ன என்று நம்மவர்கள் கேட்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஊதுகுழலுக்கும் காற்று வேண்டும் அல்லவா? 1978இல் பெய்ஜிங்கின் எட்டுச் செய்தி நிறுவனங்கள், எங்கள் வரவு செலவை நிறுவனங்கள் போல நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நிதி அமைச்சகத்திடம் அனுமதி கேட்டன. 1979 ஜனவரி 4 அன்று தியன்ஜின் நாளிதழில் ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. பற்பசைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிரிக்காதீர்கள். தொடர்பு உண்டு. விளம்பரம் வேண்டுமானால் வாசகர் வேண்டும். வாசகர் வேண்டுமானால் அவர் வீட்டில் நடப்பதை எழுத வேண்டும். தலைவர் எந்த ஆலையைப் பார்வையிட்டார் என்பதை மட்டும் போட்டால் காசு கொடுத்து யார் வாங்குவார்?

இந்தக் கணக்கிலிருந்துதான் குவாங்சௌ நகரத்தின் புகழ்பெற்ற பத்திரிகைகள் பிறந்தன. மாகாணக் கட்சிக் குழுவின் நாளிதழ் தாய்ப் பத்திரிகை. அது பெற்ற பிள்ளைகளில் இரண்டு: ஒன்று, 1984இல் தொடங்கிய ‘தென்னக வார இதழ்’. மற்றொன்று, 1997இலிருந்து நாள்தோறும் வந்த ‘தென் மாநகர நாளிதழ்’. தாய் கட்சிக்காகப் பேசியது, பிள்ளைகள் சம்பாதித்தார்கள். சம்பாதிக்கிற பிள்ளை கொஞ்சம் வாயாடும். அது எந்த வீட்டிலும் நடப்பதுதானே!

வாயாடுவதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. எந்தப் பத்திரிகையும் தன்னை ஆளும் கட்சிக் குழுவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாகாணத்து ஊழலை எழுதலாம். தன்னைவிட ஒரு படி கீழே இருக்கும் நகராட்சியை எழுதலாம். மாகாணக் குழுவின் பத்திரிகை குவாங்சௌ நகரக் காவல் துறையை எழுதினால், நகரத் தலைவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவர்களால் ஆசிரியரை உடனே நீக்க முடியாது. சுதந்திரம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. படிகளுக்கு நடுவே ஓர் இடுக்கு இருந்தது. அந்த இடுக்கில் நின்றுகொண்டுதான் அவர்கள் எழுதினார்கள்.

2003 மார்ச் 17, இரவு. குவாங்சௌ நகரம். சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞர் இணைய மையத்துக்குப் போகலாம் என்று வெளியே வந்தார். ஹூபெய் மாகாணத்துக்காரர். வூஹானில் ஓவிய வடிவமைப்புப் படித்துப் பட்டம் பெற்றவர். ஆடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தற்காலிகக் குடியிருப்பு அட்டை இன்னும் வாங்கவில்லை. அடையாள அட்டையும் அப்போது கையில் இல்லை. காவலர் பிடித்தார்கள். நண்பர்கள் அடையாள அட்டையோடும் பணத்தோடும் ஓடினார்கள். விடவில்லை. மறுநாள் தடுப்பு நிலையத்துக்கு அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்றார். அங்கிருந்து, பிடிபட்டவர்களுக்கென்று இருந்த மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். மார்ச் 20 அன்று அவர் இறந்துபோனார். இதய நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

27 வயதில் இதய நோயா? தந்தையும் தம்பியும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். எந்தக் கதவும் திறக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு வாங்கினார்கள். உடம்பெங்கும் பட்ட அடியால் ஏற்பட்ட அதிர்ச்சியே சாவுக்குக் காரணம் என்று அது சொன்னது. ‘தென் மாநகர நாளிதழ்’ செய்தியாளர்கள் சென் ஃபெங், வாங் லெய் இருவரும் விசாரித்து எழுதினார்கள். ஆசிரியர் செங் யீசோங் அச்சுக்கு அனுப்பினார். ஏப்ரல் 25 அன்று செய்தி வந்தது. அதில் ஆவேசம் கிடையாது; அழுகை கிடையாது. இரண்டே கேள்விகள். இந்த மனிதரைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமா? இவரை அடித்தது யார்?

தேதியையும் கவனியுங்கள். அது சார்ஸ் பரவிய வசந்த காலம். நோயை மறைத்தார்கள் என்று சுகாதார அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் ஏப்ரல் 20 அன்று பதவி இழந்திருந்தார்கள். ஹூ ஜிந்தாவோ, வென் ஜியாபாவோ என்ற புதிய தலைவர்கள் அரசுப் பதவிகளை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மூடி மறைப்பது ஆபத்து என்று மேலிடமே சொல்லிக்கொண்டிருந்த வாரம். அந்த வாரத்தில் வந்ததால் செய்தி பிழைத்தது. மற்ற பத்திரிகைகளும் இணையதளங்களும் அதை எடுத்துப் போட்டன. நாடு முழுக்க ஒரே பேச்சு. ஏன்? பிடிபட்டவர் பட்டதாரி. குவாங்சௌவிலும் பெய்ஜிங்கிலும் அலுவலகங்களில் வேலை பார்த்த லட்சக்கணக்கான பேர் அன்றிரவு தங்கள் பையைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அதுவரை அந்த நிலையங்களில் அடிபட்ட கூலிக்காரர்களுக்காக நாடு இப்படிக் கொதிக்கவில்லை. இது கசப்பான உண்மை. சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்தவன் ஆக மாட்டேன்.

ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. தாக்குதல் வழக்கில் 12 பேருக்குத் தண்டனை. அவர்களில் ஒருவருக்கு மரண தண்டனை. கடமை தவறியதாகச் சில அதிகாரிகளும் சிறைக்குப் போனார்கள். வேறொரு நாட்டில், வேறொரு வழக்கில், கதை இங்கேயே முடிந்திருக்கும். கொன்றவன் தண்டிக்கப்பட்டான், வீட்டுக்குப் போகலாம் என்று.

ஆனால் மூன்று பேர் வீட்டுக்குப் போகவில்லை. சூ ஜியோங், தெங் பியாவோ, யூ ஜியாங். மூவரும் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற இளைஞர்கள். அவர்கள் கேட்டது வேறு கேள்வி. அடித்தவன் குற்றவாளி, சரி. அடைத்து வைக்கச் சொன்ன அந்த விதி?

சட்ட மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சீன அரசியல் சாசனத்தின் 37ஆம் பிரிவு, குடிமகனின் உடல் சுதந்திரம் மீறப்படக் கூடாதது என்கிறது. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டமியற்றல் சட்டம், ஒரு மனிதனின் உடல் சுதந்திரத்தைப் பறிக்க வேண்டுமானால் நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவை இயற்றிய சட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அமைச்சரவையின் விதி போதாது. ஆனால் பிடித்து வைக்கும் விதியோ அமைச்சரவை போட்டது! அதே சட்டத்தின் அப்போதைய 90ஆம் பிரிவு இன்னொரு வழியும் காட்டியது. ஒரு விதி சாசனத்துக்கோ சட்டத்துக்கோ முரணானது என்று எந்தக் குடிமகன் கருதினாலும், பேரவையின் நிலைக்குழுவுக்கு எழுதி ஆராயும்படி கேட்கலாம். 2003 மே 14 அன்று மூவரும் எழுதினார்கள். சில நாளில் ஹெ வெய்ஃபாங் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் சிறப்பு விசாரணைக் குழு அமைக்கச் சொல்லி எழுதினார்கள். கூட்டம் கூட்டவில்லை, கல்லெறியவில்லை. சட்டப் புத்தகத்தைப் பிரித்து, உங்கள் பிரிவு இது, உங்கள் சட்டம் இது, பதில் சொல்லுங்கள் என்றார்கள்.

சோழ மன்னன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சீனப் பேரரசர்களின் அரண்மனை வாயிலிலும் முறையீட்டு முரசு இருந்தது. பசு வந்து மணியை அடித்தால் மன்னன் வருவான், மனம் உருகுவான், தன் மகன் மீதே தேர் ஏற்றுவான். பெரிய நீதிதான். ஆனால் அது மன்னனின் பெருந்தன்மையால் கிடைத்த நீதி. வரமாட்டேன் என்று அவன் படுத்துக்கொண்டால் பசு என்ன செய்யும்? இந்த மூன்று இளைஞர்கள் முரசை அடிக்கப் போகவில்லை. முரசு ஒலித்தால் இத்தனை நாளுக்குள், இன்ன முறையில், காரணத்தோடு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற நடைமுறையை அவர்கள் கேட்டார்கள்.

என்ன நடந்தது? ஜூன் 18 அன்று வென் ஜியாபாவோ தலைமையில் அமைச்சரவை கூடியது. 20 அன்று புதிய விதி வந்தது. ஆகஸ்ட் 1 முதல் அமல். இனி யாரையும் பிடித்து வைக்க வேண்டாம். ஆதரவற்றவர் தாமாக வந்தால் உதவி செய்யும் நிலையங்கள் இருக்கும். பழைய விதி ரத்து. 21 ஆண்டுகள் ஆட்டிப் படைத்த விதி, செய்தி வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாமல் செத்துப்போனது!

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்ட வேண்டிய செய்திதான். சீனாவிலும் அன்று தட்டினார்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பேரவை நிலைக்குழு என்ன பதில் சொன்னது? சொல்லவில்லை. அந்த விதி சாசனத்துக்கு முரணானதா இல்லையா? யாரும் தீர்ப்பு எழுதவில்லை. விதியைப் போட்டவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். மன்னன் மனம் இரங்கினான். கேட்ட நடைமுறை கிடைக்கவில்லை. விதி போனது; வழி திறக்கவில்லை.

நீதிமன்றப் பக்கமும் இதே நிலைதான். 2001 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது. ஷாண்டாங் மாகாணத்தில் ஒரு பெண்ணின் பெயரைத் திருடி வேறொருத்தி வணிகப் பள்ளியில் படித்துவிட்டாள். பாதிக்கப்பட்டவரின் கல்வி உரிமை சாசனம் தந்த உரிமை, அதன் பெயரால் இழப்பீடு கேட்கலாம் என்றது அந்த விளக்கம். சட்டப் பேராசிரியர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2008 டிசம்பரில், அந்த விளக்கம் இனிச் செல்லாது என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. காரணமும் சொல்லவில்லை.

இனி, முதல் அடி வைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போமா?

பத்திரிகையை முதலில் எடுப்போம். 2003 டிசம்பர் கடைசியில், குவாங்சௌவில் மறுபடி ஒரு சார்ஸ் நோயாளி இருக்கிறார் என்று ‘தென் மாநகர நாளிதழ்’ அரசு அறிவிக்கும் முன்பே எழுதியது. சில வாரங்களில் நாளிதழின் கணக்குகளைக் கிளறினார்கள். ஊழியர்களுக்குப் பங்கிட்ட ஊக்கத்தொகை ஊழலாயிற்று. பொது மேலாளர் யூ ஹுவாஃபெங்குக்கு 12 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் 8 ஆனது. பத்திரிகைக் குழுமத்தின் முன்னாள் ஆசிரியர் லீ மின்யிங்குக்கு 11 ஆண்டு. அது 6 ஆனது. ஆசிரியர் செங் யீசோங்கை ஐந்து மாதம் பிடித்து வைத்திருந்து, வழக்குப் போடாமலே விட்டார்கள். 1980களில் குவாங்டாங்கைத் திறந்துவிட்ட சீர்திருத்தக்காரர், முன்னாள் மாகாணச் செயலாளர் ரென் சோங்யி, தள்ளாத வயதில் இவர்களுக்காகக் குரல் கொடுத்தார். நிலத்தையும் துறைமுகத்தையும் திறந்தவருக்குப் பத்திரிகையைத் திறக்க முடியவில்லை. பிறகு படிகளின் இடுக்கும் ஒவ்வொன்றாக அடைபட்டது. அடுத்த மாகாணத்து ஊழலை எழுதும் வழக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 2013 ஜனவரியில், சாசன ஆட்சி பற்றித் ‘தென்னக வார இதழ்’ எழுதிய புத்தாண்டுத் தலையங்கத்தைப் பிரச்சாரத் துறை உருத்தெரியாமல் மாற்றியது. அலுவலக வாசலில் வாசகர்கள் பூச்செண்டோடு வந்து நின்றார்கள். 2016 பிப்ரவரியில் ஷி ஜின்பிங் பெய்ஜிங் செய்தி நிறுவனங்களுக்கு நேரில் போனார். ஊடகங்கள் கட்சியையே குடும்பப் பெயராகக் கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சட்டப் புத்தகத்தைப் பிரித்த மூவரில் சூ ஜியோங்கை மட்டும் சொல்கிறேன். 2003 கடைசியில் பெய்ஜிங்கின் ஹைதியான் மாவட்ட மக்கள் பேரவைக்குச் சுயேச்சையாக நின்று வென்றார். சீனாவின் அரசுத் தொலைக்காட்சியே அவரைப் பாராட்டிய காலம் அது. அவர் நடத்திய சட்ட உதவி அமைப்பை 2009இல் வரிக் கணக்கைச் சொல்லி மூடினார்கள். அவர் ஓயவில்லை. வெளியூர்த் தொழிலாளியின் பிள்ளை, தான் வாழும் நகரத்திலேயே கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத உரிமை கேட்டார். பார்த்தீர்களா, மறுபடியும் ஹுகோவ்! சுன் ஜிகாங்கைக் கொன்ற விதி போய்விட்டது. அந்த விதியைப் பெற்ற தாய் அப்படியே இருக்கிறாள். அதிகாரிகள் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்றும் கேட்டார். 2014இல், பொது ஒழுங்கைக் குலைக்கக் கூட்டம் சேர்த்தார் என்று 4 ஆண்டுச் சிறை. 2020 பிப்ரவரியில், ஷி ஜின்பிங் பதவி விலக வேண்டும் என்று எழுதிவிட்டுத் தலைமறைவாக இருந்தவரைப் பிடித்தார்கள். எந்த ஊரில்? குவாங்சௌவில். 2023 ஏப்ரலில், அரசைக் கவிழ்க்க முயன்றார் என்று ஷாண்டாங்கின் லின்ஷு நீதிமன்றம் கொடுத்த தண்டனை 14 ஆண்டு.

சியாவ்காங் குடியானவர்கள்? 2018 டிசம்பரில், சீர்திருத்தத்தின் 40ஆம் ஆண்டு விழாவில், பெய்ஜிங் மக்கள் பேரரங்கில் அவர்களுக்குச் சீர்திருத்த முன்னோடிகள் என்ற பட்டம். கைரேகை வைத்த தாள் அருங்காட்சியகப் பொருள். அவர்கள் விதியை மீறியவர்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: சூ ஜியோங் 2003இல் எந்த விதியையும் மீறவில்லை, விதி காட்டிய வழியில்தான் போனார்!

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? குடியானவர் கேட்டது விளைச்சல். விளைச்சல் வந்தால் கட்சிக்குப் பலம். தலைவர் ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளலாம். பிறகு திறந்து, நான்தான் அனுமதித்தேன் என்றும் சொல்லலாம். சட்டம் படித்தவர் கேட்டது பதில். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஆட்சியாளன் என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறையும் சொல்ல வேண்டும். அதனால்தான் கேட்டதைக் கொடுப்பார்கள். கேட்கும் உரிமையைக் கொடுக்க மாட்டார்கள். விசாரணையே இல்லாமல் காவல் துறை ஆளை முகாமில் போடும் உழைப்பு மறுகல்வி முறையை 2013இல் ஒழித்தார்கள். அது நல்ல காரியம். 1957இலிருந்து இருந்த கொடுமை. அதை ஒழிக்கச் சொல்லி வாதாடிய வழக்கறிஞர்கள் பலர், 2015 ஜூலை 9 அன்று தொடங்கிய பெருங்கைதில் மாட்டினார்கள்.

இப்படியே சொல்லி முடித்தால் எல்லாக் கதவும் அடைத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். அதுவும் சரியல்ல. 2015இல் ஹாங்சௌ நகரத்தில் ஒரு மனிதர் மின்சார மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்தார். வண்டியில் பக்கத்து ஊர்ப் பதிவு எண். போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். நகரத்தின் விதிப்படி வண்டியைப் பறிமுதல் செய்து, அதன் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்புவோம் என்றார். ஆமாம், நீங்கள் கேட்டது சரிதான். 2003இல் மனிதனைத் திருப்பி அனுப்பும் விதி போய்விட்டது. மிதிவண்டியைத் திருப்பி அனுப்பும் விதி அதற்கப்புறமும் இருந்திருக்கிறது!

அவர் வழக்குப் போட்டார். இரண்டு நீதிமன்றங்களிலும் தோற்றார். பிறகு சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். 2016 ஏப்ரலில் பேரவை நிலைக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் சட்டம் தராத அதிகாரத்தை நகராட்சி தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆராயுங்கள் என்று. 2003இல் மூன்று இளைஞர்கள் நடக்கப் பார்த்த அதே பாதை. இந்தத் தடவை பதில் வந்தது. நிலைக்குழுவின் சட்டப் பணி ஆணையம் அவர் சொன்னது சரி என்றது. 2017இல் ஹாங்சௌ தன் விதியைத் திருத்தியது. அந்த ஆண்டிலிருந்து, எத்தனை விதிகளை ஆராய்ந்தோம் என்று நிலைக்குழு ஆண்டுதோறும் அறிக்கை வைக்கிறது. பாலியல் தொழில் செய்த பெண்களை வழக்கில்லாமல் இரண்டாண்டு வரை அடைத்து வைத்த முறை 2019 டிசம்பரில் ஒழிந்தது. அதிலும் இந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

ஆகவே அந்தப் பாதையில் இப்போது ஆள் நடமாட்டம் இருக்கிறது. யார் நடக்கலாம்? தனி ஆளாக, ஒரு கடிதத்தோடு, ஒரு நகராட்சி விதியைப் பற்றிக் கேட்பவர் நடக்கலாம். அமைப்பாகச் சேர்ந்து கேட்பவர் நடக்க முடியாது. பத்திரிகையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருபவர் நடக்க முடியாது. கட்சியின் ஆணையைப் பற்றிக் கேட்பவர் அந்தப் பக்கமே போக முடியாது. 2003இல் செய்தியும் சட்டமும் கைகோத்து ஒரே வாசலுக்கு வந்தன. அதற்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக வர விட்டதில்லை. மிதிவண்டிக்காரருக்கு வண்டியைப் பற்றிய பதில் கிடைத்தது. அவர் நடந்த பாதையை முதலில் காட்டியவர்களில் ஒருவரான சூ ஜியோங் சிறையில் இருக்கிறார்.

 அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாணவர்கள் கேள்விச் சீட்டுகளை முன்னால் அனுப்புங்கள்.